கம்பி கட்டிய வாய்க்கு ஒரு ஸ்மூத்தி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. அரைப் பக்கச் சமையல் குறிப்பாகத்தான் தொடங்கியது.

பூந்தமல்லி கரையான்சாவடியில் எங்கள் குடியிருப்புச் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். முதல் பக்கத்தில் தலைவர் போட்டோ, கடைசிப் பக்கத்தில் தண்ணீர் லாரிக்காரர் விளம்பரம், நடுவில் நாங்கள். செயலாளர் வீரராகவன் லிஃப்டில் வைத்து என்னைப் பிடித்தார். "மேடம், நீங்கதான் எழுதுறவங்க ஆச்சே. இந்த வருஷம் ஆரோக்கியச் சிறப்பிதழ். வீட்டிலேயே பழ ஸ்மூத்தி செய்வது எப்படி, அரைப் பக்கம் போதும்."

நான் எழுதுகிறவள்தான். ஸ்மூத்தி செய்கிறவள் இல்லை. என் வீட்டில் பழத்தை நறுக்கித் தட்டில் வைப்பதோடு பழத்தின் வேலை முடிந்தது. ஆனால் செய்யத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. என் சமையலறை பால்கனிக்கு நேர் கீழே, பின்சந்தில், ஜீனத்தின் வீடு. போன ஜூலையில் தொடங்கி ஆறு வாரம், காலையில் ஏழு, பதினொன்று, சாயங்காலம் நாலு என்று மணி அடித்தாற்போல அங்கே மிக்சி ஓடியது. சந்தில் உள்ளவர்கள் அதை வைத்து வேலைக்குக் கிளம்பினார்கள்.

இறங்கிப் போய்க் கேட்டேன். ஜீனத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஸ்மூத்தியா வித்யாக்கா? அத்த சொன்னா அரப் பக்கத்துல அடங்காதே."

அடங்கவில்லை. மலருக்கு நான் கொடுத்தது நாலு வரி. மிச்சம் இது. இல்லை, மிச்சம் என்று சொல்வது தப்பு. இதுதான் முழுசு.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதலாவது: 'பெங்களூர் நெடுஞ்சாலையில் அன்று மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரின் விளக்கு மங்கலாக—'

இதை நிறுத்திவிட்டேன். ஜீனத்தின் கணவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அன்று மழையே இல்லை. பட்டப்பகல், பன்னிரண்டு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். விபத்து என்றதும் என் கை தானாக மழையை வரவழைக்கிறது.

இரண்டாவது: 'நன்றாகப் பழுத்த செவ்வாழை ஒன்று, கெட்டித் தயிர் ஒரு கப், ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம் எட்டு—'

இது மலருக்குப் போய்விட்டது.

மூன்றாவது: 'ஜீனத் இருபத்து மூன்று வருடமாக ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள்.'

இதைப் படித்துக் காட்டினேன். ஜீனத், "காத்துகினு எல்லாம் இல்லக்கா. ஆனா வந்தா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

ஆக, அந்த வாக்கியம் பாதி உண்மை. பாதி உண்மையான வாக்கியத்தில்தான் கதை தொடங்க முடியும் என்பது என் நம்பிக்கை. தொடங்குகிறேன்.

3

ஜீனத்தின் கணவர் ஹாஜா மொய்தீன் கல்யாண பிரியாணி மாஸ்டர். மாங்காட்டிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் எந்த மண்டபத்தில் அவருடைய பெரிய பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறினாலும், மூடியைத் திறப்பதற்கு முன்பே வாசனையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். வயது ஐம்பது. ஒரே மகள் ஷாகிதா, கல்யாணமாகி ஆம்பூரில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

வீட்டில் மாஸ்டர் கரண்டியைத் தொட மாட்டார். ருசி மட்டும் பார்ப்பார். முதல் வாய் வைத்ததும் தீர்ப்பு வந்துவிடும்.

"உப்ப முன்னாடியே போட்டிருக்கணும்."

"இஞ்சி முத்தல்."

"கறி வெந்துருக்கு. ஆனா வேகல."

கடைசியாகச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை ஜீனத்துக்குத் தெரியாது. சமையலில் அவள் மோசமில்லை. அந்தச் சந்தில் நோன்புக் கஞ்சிக்கு அவள் வீட்டுப் பாத்திரத்தைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் 'நல்லாக்கீது' என்ற சொல் புழக்கத்தில் இல்லை.

(இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். 'ஹாஜா மொய்தீன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்' என்று எழுதினேன். கணவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கினால் கதை வேகம் பிடிக்கும். ஜீனத் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கி அடித்தாள். "தட்ட தள்ளுற ஆளு இல்லக்கா அது. ஒரு பருக்க மிச்சம் வெக்க மாட்டாரு. கொற சொல்லிக்கினே வழிச்சி சாப்புடுவாரு. அதான் பேஜாரே." எனவே மாஸ்டர் தட்டைத் தள்ளவில்லை. வழித்துத்தான் சாப்பிட்டார்.)

ஜூலை முதல் வாரம். திருமழிசையில் ஒரு மண்டபத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். நசரத்பேட்டை தாண்டி, ரோட்டில் லாரியிலிருந்து சிந்திய மணல். முன்சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. தாடை அதற்குக் கீழே இருந்தது.

இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவைத்து, மேல்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. திறக்கவும் முடியாது. எதுவானாலும் திரவமாக, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, பெரிய ஊசியில்லா சிரிஞ்சால் உள்ளே செலுத்த வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஜீனத்தின் கையில் சின்னக் கட்டிங் பிளேயர் ஒன்றைக் கொடுத்தார். "இது எப்பவும் இவர் பக்கத்துலயே இருக்கணும். வாந்தி வந்து மூச்சு அடைக்கிற மாதிரி இருந்தா, முதல்ல குனிய வைங்க. அப்பவும் முடியலைன்னா இந்த நாலு கம்பியை வெட்டிடுங்க." எந்த நாலு என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி இரண்டு தடவை அவளுக்குப் பரீட்சை வைத்தார். இரண்டு தடவையும் அவள் சரியாகக் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பிளேயரை ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

4

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஒரு சின்னப் பெண், பெயர் சிம்ரன். அவள்தான் அந்தச் சொல்லை முதலில் சொன்னது.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு சுகர் பார்டர்ல இருக்கு. சர்க்கரை, தேன், வெல்லம் எதுவும் வேணாம். வெறும் ஜூஸ் குடுத்தா பசியும் அடங்காது, சத்தும் ஏறாது. பழத்தோட தயிர், பாதாம்லாம் சேத்து ஸ்மூத்தியா குடுங்க."

"ஸ்மூத்தின்னா இன்னா பாப்பா?"

சிம்ரன் யோசித்தாள். "மோர் மாதிரி தண்ணியாவும் இருக்கக் கூடாது, கூழ் மாதிரி கெட்டியாவும் இருக்கக் கூடாது ஆன்ட்டி. ரெண்டுக்கும் நடுவுல."

இந்த விளக்கத்தைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கேயும் பார்க்கவில்லை. அப்படியே மலரில் போட்டேன்.

ஜீனத் முதலில் சூப்பில்தான் கை வைத்தாள். கால் சூப், வடிகட்டினது. கட்டிய பல்லுக்குள்ளிருந்து மாஸ்டர் பேசுவது 'ம்ம்', 'ந்ந்' என்றுதான் வரும். அதனால் ஆர்டர் எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கால் சூப்புக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினார். எலும்புக்கு எத்தனை விசில் விட வேண்டும், மிளகை எப்போது தட்ட வேண்டும், சீரகம் ஏன் தூக்கலாக இருக்கிறது. வாயைக் கட்டியும் தீர்ப்பு நிற்கவில்லை. கூடுதலாக எழுத்துப்பிழை வேறு.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. சூப் அவருடைய ராஜ்ஜியம். கஞ்சியும் அவருடையது. பழம்? பழத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணப் பந்தியில் வாழைப்பழம் வைப்பது வேறு யாரோ. 'இனிமே பழம்தான்' என்று முடிவுகட்டினாள். சத்துக்காகப் பாதி, நோட்டுப் புத்தகத்துக்குப் பயந்து பாதி.

முதலில் தர்பூசணி. சல்லென்று இறங்கியது. அரை மணி நேரத்தில் பசி என்று வயிற்றைத் தட்டினார்.

அடுத்து கொய்யா.*

சப்போட்டா நிறத்தைப் பார்த்ததும் நோட்டில் ஒரே சொல்: 'மண்ணு'.

ஆப்பிள் தோலோடு அரைத்ததில் குழாய் அடைத்துக்கொண்டது.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஆறு கிலோ குறைந்திருந்தது. தேக்சாவை இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற இடத்தில் ஒற்றை ஆளாக நகர்த்துகிற மனிதர். சட்டை இப்போது அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஜீனத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். இப்படியே இறங்கினா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட வேண்டியிருக்கும்."

ஆட்டோவில் வரும்போது மாஸ்டர் சைகையில் கேட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று.

"ஒண்ணுமில்ல. வெய்ட் போடணுமாம்" என்றாள் ஜீனத்.

—
* கொய்யா விதை கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டால் எடுப்பது எப்படி: ஒருவர் டார்ச் பிடிக்க வேண்டும். இன்னொருவர் குழந்தைகளின் மெத்தென்ற பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும். ஜீனத் ஒரே ஆளாக இரண்டையும் செய்தாள், டார்ச்சைத் தன் பல்லில் கடித்துக்கொண்டு. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மாஸ்டர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிரிப்பாலா வலியாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

5

பன்னிரண்டாம் நாள். காலை பதினொரு மணி. இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன்.

ஜீனத் பப்பாளி வாங்கி வந்திருந்தாள். நல்ல பழம். பாலூற்றி, பாதாம் போட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். விடிந்ததிலிருந்து அவள் உட்காரவில்லை. டம்ளரை நீட்டியபோது, சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் முகர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பினார். பல்லுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். ஊருக்கு அது 'ம்ம்ம்ந்ந்'. ஜீனத்துக்கு நன்றாகவே புரிந்தது.

'இத்த மனுஷன் குடிப்பானா?'

அவள் டம்ளரைச் சாய்த்தாள். சிரிஞ்சில் நிரப்பினாள். குழாயைக் கன்னத்தோரம் செருகினாள். அமுக்கினாள்.

என் முதல் மூன்று படிகளில் அடுத்த வாக்கியம் இப்படி இருந்தது: 'அவள் தெரியாமல் கொஞ்சம் வேகமாக அமுக்கிவிட்டாள்.'

ஜீனத் 'தெரியாமல்' மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்கவே இல்லை.

"தெரியாமலா? அப்டி எழுதாதக்கா. கோவத்துலதான் அமுக்குனேன்."

"அதை எழுதினா படிக்கிறவங்க உன்னைத் தப்பா நினைப்பாங்க ஜீனத்."

"நெனச்சிக்கட்டும். மூணு வேளையும் மெதுவா மெதுவான்னு அமுக்குன கைதான அது? அன்னிக்கு ஒரு தபா மட்டும் கை எனுக்குத் தெரியாமப் பூட்ச்சா?"

எனவே நான்காவது படி: அவள் கோபத்தில் வேகமாக அமுக்கினாள்.

பப்பாளி தொண்டைக்குள் பாய்ந்தது. மாஸ்டருக்குப் புரையேறியது. இருமல் வாய்க்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றது. வெளியே வர வழியில்லை. கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த நொடி வயிற்றிலிருந்து குமட்டல் எழும்பி மேலே வந்தது.

ஜீனத் ஆணியிலிருந்து பிளேயரைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் பிளேயரோடு ஆணியும் வந்தது. அவர் உதட்டை விலக்கினாள். அந்த நாலு கம்பி. எந்த நாலு? டாக்டர் முன்னால் இரண்டு தடவை சரியாகக் காட்டியவளுக்கு இப்போது எல்லாக் கம்பியும் ஒரே கம்பியாகத் தெரிந்தது. வெட்டினால் தாடை மறுபடி நகரும். பன்னிரண்டு நாளும் வீண். வெட்டாவிட்டால் எதிரே மூச்சு நிற்கப்போகிறது.

மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தேக்சா நகர்த்துகிற பிடி. பிளேயரை வாய்க்கு வெளியே நிறுத்தி, மற்ற கையைத் தரையில் ஊன்றித் தலையைக் கீழே தொங்கப் போட்டார்.

"குனியணும்! ஆமா, குனியணும், டாக்டர் சொன்னாரு!" என்று கத்திக்கொண்டே அவள் அவர் முதுகை அமுக்கிப் பிடித்தாள். அவர் வயிறு மூன்று முறை சுருண்டது. திரவம்தானே, பல்லிடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் பப்பாளி மஞ்சளாகத் தரையில் கொட்டியது. பிறகு ஒரு நீளமான மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது. விசில் மாதிரி. அதைவிட நல்ல சத்தத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றாள் ஜீனத்.

இரண்டு பேரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜீனத் சொன்னாள்:

"நாந்தான் வேகமா அமுக்குனேன். வோணும்னுதான்."

மாஸ்டர் கையை நீட்டி நோட்டை எடுத்தார். மஞ்சள் விரலோடு எழுதினார்.

'தெரியும்.'

அடியில் இன்னொரு வரி: 'நாளைக்கு மெதுவா.'

ஜீனத் அழுதாளா என்று நான் கேட்கவில்லை. கேட்காததால் எழுதவும் இல்லை.

6

அடுத்த நாள் காலை அவள் நேராக சிம்ரனுக்குப் போன் போட்டாள். அரை மணி நேரம் பேசினாள். கேட்டதை எல்லாம் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டாள். பால் வேண்டாம், தயிர். தண்ணீராக இருக்கிற பழம் வேண்டாம், சதைப்பற்றானது. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் வேண்டாம், கால் கால் டம்ளராக.

பிறகு அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். முதல் வாயைத் தானே குடித்துப் பார்த்தாள். இத்தனை வருடம் அவள் சமையலில் முதல் ருசி அவருடையது. அவர் சொன்ன பிறகுதான் அது நன்றாயிருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியும். இப்போது மிக்சி மூடியைத் திறந்து, ஸ்பூனால் எடுத்து, நாக்கில் வைத்து, 'இன்னும் இல்லை' என்று அவளே சொன்னாள். இன்னொரு சுற்று விட்டாள். 'இப்போ சரி' என்றும் அவளே சொன்னாள்.

செவ்வாழையை முதல் நாளே வட்டமாக நறுக்கி ஃப்ரீஸரில் வைத்துவிடுவது அவளுடைய கண்டுபிடிப்பு. உறைந்த பழம் அரைபடும்போது ஐஸ் போடாமலே கெட்டியாகவும் வழுவழுப்பாகவும் வரும். இனிப்புக்கு இரண்டே இரண்டு பேரீச்சை, வெந்நீரில் ஊறினது. இதைக் கேட்டு சிம்ரனே, "ஆன்ட்டி, இதை நான் மத்த பேஷண்ட்ஸ்க்குச் சொல்லலாமா?" என்றாள்.

பதினாறாம் நாள் ஜீனத்துக்குத் துணிச்சல் வந்தது. அலமாரியின் மேல்தட்டில் மாஸ்டரின் மசாலாப் பெட்டி இருந்தது. தொழில் பெட்டி, அவரைத் தவிர யாரும் திறப்பதில்லை. திறந்தாள். மெல்லிய சுருள் பட்டை ஒரு துண்டு எடுத்தாள், பொடித்தாள், செவ்வாழையில் ஒரு சிட்டிகை தூவினாள்.

முதல் கால் டம்ளர் உள்ளே போனது. மாஸ்டர் கையைத் தூக்கினார். நிறுத்து என்று அர்த்தம். நோட்டை இழுத்தார்.

'சுருள் பட்டையா?'

"ஆமா. ஒங்க பொட்டில இருந்துதான் எடுத்தேன். இன்னா இப்போ?"

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜீனத் தயாராகத்தான் இருந்தாள்: சிட்டிகை அதிகம், பொடித்தது கரகரப்பு, முதலில் வறுத்திருக்க வேண்டும். அவர் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, சிரிஞ்சைக் காட்டி, 'ஊத்து' என்று சைகை செய்தார். அன்று ஒன்றரை டம்ளர் குடித்தார்.

(படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இதுவே முடிவாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. 'பேனாவை மூடினார்' என்று எழுதிவிட்டு ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். ஆனால் ஜீனத்துக்கு வேண்டியிருந்தது மௌனம் இல்லை. மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வது எங்களைப் போன்ற எழுத்தாளர்களின் வழக்கம். சமைக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.)

எடை இறங்குவது நின்றது. அடுத்த வாரம் அரைக் கிலோ ஏறியது. டியூப் பேச்சு நின்றது. டாக்டர், "என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். ஜீனத், "பழம்தான் டாக்டர்" என்று சாதாரணமாகச் சொன்னாள். வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் சிரித்தாள்.

7

நாலாவது வாரம் ஜமீர் பார்க்க வந்தான். மாஸ்டருக்கு இரண்டாவது ஆள், பதினைந்து வருடமாகக் கூடவே அடுப்பில் நிற்கிறவன். ஐயப்பன்தாங்கலில் ஒரு கல்யாணத்தை மாஸ்டர் இல்லாமலே முடித்துவிட்டு வந்திருந்தான். பேச்சுக்கு நடுவில் ஜீனத் அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

ஜமீர் ஒரு மடக்குக் குடித்தான். டம்ளரைப் பார்த்தான். மிச்சத்தை ஒரே மூச்சில் முடித்தான்.

"அண்ணி, இன்னாது இது? செமயாக்கீது! மண்டபத்துல வெல்கம் டிரிங்க்குனு கலர் தண்ணி குடுத்துனுகீறானுங்க. இத்த குடுத்தா அவ்ளோதான், பிரியாணிக்கு எவன் வருவான்? இன்னா மாஸ்டர், நான் சொல்றது கரெக்ட்டா?"

மாஸ்டர் ஜமீரைப் பார்த்தார். பிறகு ஜீனத்தைப் பார்த்தார். நோட்டு அவர் மடியில்தான் இருந்தது. பேனாவும் அதற்குள்ளேயே இருந்தது.

எடுக்கவில்லை.

ஜமீர் போன பிறகு டம்ளரைக் கழுவும்போது, அந்த ஒரு 'செமயாக்கீது' காதில் நின்றுகொண்டே இருந்தது என்றாள் ஜீனத். வேறு யாரோ சொன்னதற்கே இவ்வளவு ஆனந்தமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்ததாம். அதோடு கொஞ்சம் எரிச்சலும். 'வாய்தான் கட்டிக்கீது. கையையுமா கட்டிட்டாங்கோ?'

8

நாற்பத்திரண்டாம் நாள் கம்பி அவிழ்த்தார்கள்.

டாக்டர் ஒவ்வொன்றாக முறுக்கை எடுத்துத் தட்டில் போட்டார். டிங், டிங் என்று விழுந்தது. கடைசிக் கம்பி விழுந்ததும், "மெதுவா திறங்க" என்றார். ஆறு வாரம் மூடிய வாய் சட்டென்று திறக்காது. இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. தினமும் பயிற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும் என்றார்.

ஜீனத் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் நாக்கை ஒருமுறை உள்ளுக்குள் சுழற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் வாக்கியம்:

"டாக்டர், காரம் எப்போ சாப்டலாம்?"

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். ஜீனத்தும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை என்பதை அறையில் யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டோவில் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார், வாய் வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

9

இங்கே முடிவுகள்.

முடிவு ஒன்று: வீட்டு வாசலில் அவள் கையைப் பிடித்து, 'நீ இல்லாட்டி நான் இல்ல ஜீனத்து' என்கிறார். இதை எழுதியதும் எனக்கே கூச்சமாகப் போயிற்று. மாஸ்டர் அப்படிப் பேசினால் ஜீனத் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

முடிவு இரண்டு: இரண்டு வாரத்தில் மாஸ்டர் மண்டபத்துக்குத் திரும்புகிறார். வீட்டில் மீன் குழம்பு. முதல் வாய். 'புளி தூக்கல்.' ஜீனத் மிக்சியைத் துடைத்துப் பரணில் வைக்கிறாள். இது எழுத வெகு சுலபமாக வந்தது. சோகம் எப்போதும் எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே சந்தேகப்பட்டு நீக்கிவிட்டேன்.

இனி நடந்தது.

மறுநாள் காலை எட்டு மணி. ஜீனத் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினாள். பாதிப் படியில் மிக்சி சத்தம் கேட்டது. தன் வீட்டு மிக்சிதான். ஆனால் அவள் இங்கே இருக்கிறாள்.

சமையலறையில் மாஸ்டர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குச் சமைக்கிற தோரணையில் நின்றிருந்தார். மேடை முழுக்கக் கொய்யாத் தோல். புதினாக் காம்புகள். தயிர்ச் சட்டி. மிளகுப் பொடி. மூடி சரியாக உட்காராமல் சுவரில் பச்சையாக ஒரு கோலம். வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு விதைகூட இல்லாமல், ஒரே ஒரு டம்ளர் ஊற்றினார். விளிம்பில் வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்தார். அவளிடம் நீட்டினார்.

"எனுக்கா?"

"ஒனுக்குத்தான். குடி."

ஜீனத் ஒரு மடக்குக் குடித்தாள்.

ஐயாயிரம் பேருக்கு ஒரே வேளையில் ஆக்கிப்போட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்று ஒருத்தரையும் கேட்காமல் கை கழுவிக்கொண்டு போகிற மனிதர், நின்ற இடத்தில் கால் மாற்றி நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மறுபடி போட்டார். அவள் முகத்தையே பார்த்தார். இரண்டு விரல் அகலம் திறக்கிற வாயைத் திறந்து, தட்டுத் தடுமாறிக் கேட்டார்:

"எப்டிக்கீது?"

அவள் உடனே சொல்லவில்லை. டம்ளரில் இருந்ததை முழுக்கக் குடித்தாள், அவசரப்படாமல். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். புடவைத் தலைப்பில் கை துடைத்தாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொன்னாள். நான் அதை எழுதியும் வைத்தேன். மறுநாள் வந்து, "அந்த ஒண்ண மட்டும் எடுத்துடுக்கா" என்றாள்.

"அதுதானே கதையே? அதை எடுத்தா கதை எப்படி முடியும்?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான எழுதுறவ. முடியலன்னா உட்டுடு."

விட்டுவிட்டேன். ஆனால் என் கண்ணால் பார்த்ததை எழுதுவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அன்று காலை எட்டேகாலுக்கு நான் பால்கனியில் நின்றிருந்தேன். கீழே பின்கதவு திறந்தது. ஹாஜா மொய்தீன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கூடிய எலும்பு, சிரித்தால் வலிக்கும். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் அடங்கினார். உள்ளே திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, வாணாம் ஜீனத்து, வலிக்குது" என்றார். உள்ளேயிருந்து அவள் சிரிப்பும் கேட்டது.

தாடை வலிக்க வலிக்க ஒரு மனிதரை அப்படிச் சிரிக்கவைக்க அவள் என்ன சொல்லியிருப்பாள்? பாராட்டா, தீர்ப்பா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவதா? இவ்வளவு தூரம் அவளோடு வந்திருக்கிறீர்கள். என்னைவிட நன்றாகவே உங்களுக்குச் சொல்ல வரும். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீனத் கையைத் துடைத்துக்கொண்டு, அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்து, சொன்னாள்: "